மாஃபைக் கழற்றுவதற்கு முன்

"அண்ணே, மாஃபைக் கழற்றிட்டு மேப் போட்டுருங்க. கூட்டாளிங்க எல்லாரும் அதான் போட்டிருக்காங்க."

கோலாலம்பூர் செந்தூலில் என் ஒர்க்‌ஷாப்புக்கு டியூனிங் கேட்டு வரும் தம்பிகள் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், பவர் கூடும் என்கிறார்கள். மாஃப், மேப் இரண்டுமே என்ஜினுக்குள் போகும் காற்றைக் கணக்கிட உதவும் சென்சார்கள். அளக்கும் கருவியை மாற்றினால் மட்டும் பவர் பெரிதாகக் கூடிவிடாது. உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று ஈசியூவுக்கு, அதாவது என்ஜினை நடத்தும் கணினிக்கு, தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் அது பெட்ரோல் விடும். அந்தக் கணக்குப் பிசகிய கார்கள்தாம் பிஸ்டன் உருகி, இழுவை லாரியில் வந்து சேர்கின்றன.

மாஃப் என்பது ஏர் ஃபில்டருக்கு அடுத்துக் குழாயில் உட்காரும் சென்சார். சூடான ஒரு கம்பியைக் காற்று எவ்வளவு குளிர வைக்கிறது என்பதைக் கொண்டு, போகும் காற்றின் எடையையே அது சொல்லிவிடும். சைலன்சரை மாற்றினாலும், மத்தியான வெயிலில் ஃபெடரல் ஹைவேயில் மாட்டிக்கொண்டாலும், கெந்திங் மலை ஏறினாலும் கணக்குப் பெரிதாகக் கலையாது. தினமும் வேலைக்கு ஓட்டும் காருக்கு இது பெரிய வரம். ஆனால் சென்சாரைத் தாண்டிய குழாயில் ஓட்டை இருக்கக்கூடாது. சத்தத்துக்காக, டர்போவில் மிஞ்சும் காற்றை விடும் புளோ ஆஃப் வால்வை வெளியே திறந்துவிட்டால், அளந்த காற்று வெளியேறிவிடும், பெட்ரோல் மட்டும் உள்ளே போகும். கியர் மாற்றும்போது கரும்புகை வருவதற்கும் சிவப்பு விளக்கில் என்ஜின் நின்றுபோவதற்கும் பல கார்களில் இதுதான் காரணம். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அது அந்தக் கம்பியில் படிந்து அளவைக் குழப்பும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. நிசானின் எஸ்ஆர்20டெட் ஹாஃப்கட் என்ஜின் (பழைய காரை வெட்டி எடுத்தது), பழைய மாஃப், புதிதாகப் பெரிய டர்போ போட்ட கார் ஒன்று வந்தது. லேப்டாப்பை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏற ஏற மாஃபின் கோடும் ஏறியது. 5 வோல்ட்டை ஒட்டியதும் கோடு நேராகப் படுத்துவிட்டது. ஆர்பிஎம் இன்னும் ஏறுகிறது, காற்று கூடுகிறது, ஈசியூவுக்கு மட்டும் அது தெரியவில்லை, அதனால் பெட்ரோல் போதவில்லை. பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாகப் பளபளக்கும் புள்ளிகள். அத்தனையும் பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். காரை ஓட்டிய தம்பிக்கோ வித்தியாசம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. கார் நன்றாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

அதே கம்பியைப் பெரிய குழாயில் பொருத்தி இந்த எல்லையைத் தள்ளிவைக்கலாம். ஆனால் ஈசியூவில் இருக்கும் அளவு அட்டவணையையும் திருத்தி எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் எல்லா ஆர்பிஎம்மிலும் பெட்ரோல் குறைந்துபோகும்.

மேப் காற்றை நேராக அளப்பதில்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம், காற்றின் சூடு, ஆர்பிஎம் மூன்றையும் வைத்து, என்ஜின் எவ்வளவு நிரம்புகிறது என்ற அட்டவணையின் உதவியோடு கணக்குப் போடுகிறது. ஹோண்டா பி16 கம்பெனியிலிருந்து வரும்போதே இப்படித்தான். காற்று போகும் வழியில் தடை கிடையாது, புளோ ஆஃப் வால்வும் பிரச்சினையில்லை. ஆனால் அந்த அட்டவணை அந்த என்ஜினுக்கு மட்டுமே பொருந்தும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றினால், சிலிண்டர் ஹெட்டின் காற்றுவழியைக் குடைந்தால், டர்போவை மாற்றினால் மறுபடி டியூன் செய்ய வேண்டும். அடுத்த மாதம் என்ன மாற்றுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சென்சாரின் அளவிலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். '2 பார்' என்று எழுதியிருப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து. பூஸ்ட் 1 பார் வைத்தாலே அது எல்லையைத் தொட்டுவிடும். 3 பார் சென்சார்தான் வேண்டும். காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். 30 டிகிரி காற்று 60 டிகிரியானால், அதே அழுத்தத்தில் அதன் எடை ஏறக்குறைய 9 விழுக்காடு குறைகிறது. சூடேறிய மேனிஃபோல்டில் அந்தச் சென்சாரை முறுக்கி வைத்தால் அது உலோகத்தின் சூட்டைத்தான் சொல்லும். டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய குழாயில் வையுங்கள்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் திராட்டில் (காற்றைத் திறந்துவிடும் தட்டு), பெரிய கேம்ஷாஃப்ட் என்று போனவர்களுக்கு, கார் நின்றபடி என்ஜின் ஓடும் ஐடிலில் மேப் நிலையாக நிற்காது. அங்கே திராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்ட அது போதும். அதே காரைக் காராக் நெடுஞ்சாலை வழியாகக் கெந்திங்குக்கு ஏற்றினால், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்; அதை அளக்கத் தனிச் சென்சார் இல்லாவிட்டால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகும்.

என்னைக் கேட்டால், தினமும் ஓட்டும் காரில் பூஸ்ட் கொஞ்சம்தான் கூட்டியிருக்கிறீர்கள், மாஃபும் எல்லைக்குள் இருக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள். பெரிய டர்போ போட்டு, இனி வேறு எதையும் மாற்றப்போவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் மேப்புக்குப் போகலாம். அட்டவணையைப் பொறுமையாக உட்கார்ந்து எழுதும் டியூனர் கிடைத்தால் மட்டும். எதைப் போட்டாலும் முழு பூஸ்டில் ஓட்டி லேப்டாப்பில் பதிந்த லாக்கைக் காட்டச் சொல்லுங்கள். சென்சார் கோடு எங்கேயாவது தட்டையாகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு மத்தியானம் ஒரு மணிக்கு நெரிசலில் ஓட்டி, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.