ஸ்டைலஸ் என்னும் முள்

ரெக்கார்டு பிளேயரில் தட்டைத் தொட்டு ஓடும் நுனிக்குப் பெயர் ஸ்டைலஸ். குன்னூரிலோ கோத்தகிரியிலோ பழைய கிராமபோன் வைத்திருக்கும் பெரியவரிடம் ஸ்டைலஸ் என்று சொன்னால், "என்னது, முள்ளா தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். அவர் சொல்வதுதான் சரி என்பது என் கட்சி.

மூலம் லத்தீன். மெழுகு பூசிய பலகையில் எழுத ரோமானியர் வைத்திருந்த கூர்மையான கோலுக்கு ஸ்டிலுஸ் என்று பெயர். தூணைக் குறிக்கும் ஸ்டைலோஸ் என்ற கிரேக்கச் சொல்லோடு குழப்பிக்கொண்டதில்தான் அதன் எழுத்துக்கூட்டல் மாறியது. எழுதும் கோல் மெல்ல எழுதும் விதத்துக்குப் பெயராகி, ஸ்டைல் பிறந்தது. ஆக ரஜினியின் ஸ்டைலுக்கும் இந்த நுனிக்கும் பூர்வீகம் ஒன்றுதான்!

வேரைப் பார்த்தால் எழுத்தாணி என்று தமிழாக்க ஆசை வரும். ஓலையில் கீறுவதும் மெழுகில் கீறுவதும் ஒரே வேலைதானே. ஆனால் பிளேயரில் இருப்பது எதையும் எழுதுவதில்லை; ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தைப் படிக்கிறது. எழுத்தாணி என்ற பெயர் மூலத்தட்டை வெட்டும் கருவிக்குத்தான் பொருந்தும். ஊசி என்றால்? கிராமபோன் காலத்து எஃகு நுனி ஊசியேதான். சின்னத் தகர டப்பாவில் வரும். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். இன்று இருப்பதோ மெல்லிய தண்டின் முனையில் ஒட்டிய வைரத் துணுக்கு. முள் என்ற சொல்லுக்கு எஃகா வைரமா என்ற கவலையே இல்லை. கடிகாரத்திலும் முள், தராசிலும் முள். கள்ளி முள்ளையே சீவி கிராமபோனில் மாட்டியவர்களும் அந்தக் காலத்தில் உண்டு.

சரி, முள்ளைத் துடைப்பது எப்படி? சின்ன மென்தூரிகையால் பின்னாலிருந்து முன்னால், அதாவது தட்டு சுழலும் திசையில் மட்டும் இழுக்க வேண்டும். எதிர்த்திசையிலோ பக்கவாட்டிலோ தேய்த்தால் தண்டு வளைந்துவிடும். விரலால் தட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, வேண்டவே வேண்டாம். வைரமும் தேயும். 500 முதல் 1000 மணி நேரம் ஓடியதும் மாற்றுவது பொதுவான கணக்கு. தேய்ந்த முள் பாட்டைக் கெடுப்பதோடு நிற்காது, தட்டின் பள்ளத்தையும் அரித்துவிடும்.

மலையில் தட்டுக்குப் பெரிய எதிரி ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் காகித உறைக்குள் பூசணம் பூக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. பூசணம் பிடித்த உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுவிய தட்டை மறுபடி அதிலேயே செருகினால் கழுவியும் பயனில்லை. கழுவக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு பள்ளத்தில் தங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கில் வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிறுத்திக் காயவிடுங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் நனையக் கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று கணப்புப் பக்கம் சாய்த்து வைத்தால் வினைல் பிளாஸ்டிக்கால் ஆன தட்டு அப்பளமாக நெளிந்துவிடும்.

ஊரில் எதற்கெடுத்தாலும் நீலகிரித் தைலம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: அதைத் தட்டில் தடவாதீர்கள். பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கி, தூசியெல்லாம் வந்து ஒட்டும். ஸ்பிரிட் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், பாட்டும் அதோடு போய்விடும். அந்தத் தட்டுகளுக்கு எல்.பி. என்னும் வினைல் தட்டுக்கான முள்ளும் ஆகாது. பள்ளம் அகலம் என்பதால் அந்தச் சின்ன நுனி அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் எழுப்பும். கடையில் முள் கேட்கும்போது எந்தத் தட்டுக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.