பெயரை மாற்றினால் கதை மாறுகிறதா?

திரைக்கதைகளைப் படித்துத் திருத்தம் சொல்வது என் தொழில். என் மேசைக்கு வரும் பிரதிகளில் இப்போதெல்லாம் பலதரப்பட்ட மக்கள் இடம்பெறுவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்களில் பலரை, பெயரையும் உடையையும் மட்டும் மாற்றிவிட்டு, ஒரு வசனத்தைக்கூடத் தொடாமல் வேறெந்தச் சமூகத்தவராகவும் ஆக்கிவிடலாம் என்பதுதான் வருத்தம். அப்படிப்பட்ட பாத்திரம் கதைக்குள் வாழ்வதில்லை. சுவரொட்டியில் ஒரு முகமாக நிற்கிறது, அவ்வளவே.

அண்மையில் படித்த ஒரு பிரதியில் நாயகியின் தோழி காது கேளாதவர். மின்சாரம் போன இரவில், கும்மிருட்டில், இருவரும் சைகை மொழியில் மனம்விட்டுப் பேசுவதாக ஒரு காட்சி. முதல் வாசிப்பில் எனக்கும் அது உறுத்தவில்லை. சைகை மொழியிலேயே வளர்ந்த ஒருவரிடம் படிக்கக் கொடுத்தபோது, அவர் பக்கத்தின் ஓரத்தில் "இருட்டில் கை எப்படித் தெரியும்?" என்று எழுதி அனுப்பினார். அந்தக் கேள்விக்குப் பிறகு காட்சி முழுவதும் திருத்தி எழுதப்பட்டது. தோழி நாயகியை ஜன்னலோர நிலவொளிக்கு இழுத்துச் செல்கிறாள். வெளிச்சம் போதாதபோது அவளுடைய உள்ளங்கையில் விரலால் எழுத்தெழுத்தாக எழுதுகிறாள். கேட்க விருப்பமில்லாதபோது கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். அதுவரை நாயகி சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வந்தவள், அங்கேதான் கோபமும் பிடிவாதமும் உள்ள ஒரு பெண்ணானாள்.

ஒரு படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தமக்குள் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக மட்டும் இருக்கக்கூடாது என்று 1985-இல் அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெலின் சித்திரக்கதை முன்வைத்த அளவுகோல் பயனுள்ளதுதான். ஆயினும் இருட்டில் கை தெரியாது என்பதை எந்த எண்ணிக்கையும் நமக்குச் சொல்லித் தராது.

2016-இல் வெளிவந்த 'மோவானா' அனிமேஷன் படத்தில் மாவி என்னும் வீரனை முதலில் மொட்டைத் தலையோடுதான் வரைந்திருந்தார்கள். பசிபிக் தீவுகளைச் சேர்ந்த ஆலோசகர்கள் மறுத்த பிறகே அவனுக்கு நீண்ட கூந்தல் வந்தது. உருவம் வரைதாளில் இருந்த கட்டத்திலேயே அவர்கள் மறுத்தார்கள், அந்த மறுப்புக்கு மதிப்பும் இருந்தது. ஆகவேதான் மாற்ற முடிந்தது.

அதனால்தான், உரியவர்களை முதல் வரைவுக்கு முன்பே அழையுங்கள், ஊதியம் கொடுங்கள், "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் விடாமல் கேட்டு வருகிறேன். படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு பிரதியை நீட்டினால், அவர்களால் திருத்த முடிவது உச்சரிப்பையும் உடையையும் மட்டுமே.