மடக்கிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறதா?

"அண்ணே, கேபிளை லேசா இப்படி மடக்கிப் பிடிச்சா ஏறுது." கும்பகோணத்தில் செல்போன், டேப்லெட் சர்வீஸ் செய்யும் எனக்கு இது தினமும் காதில் விழும் வாசகம். மடக்கிய கேபிள் மேல் ஒரு புத்தகத்தைப் பாரம் வைத்து மாதக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அரைகுறையாகத் தொடும் இடத்தில்தான் சூடு கிளம்பும். சாக்கெட்டுக்குள் இருக்கும் உலோகப் பின்கள் கருகும், போர்டில் அவற்றைப் பிடித்திருக்கும் சாலிடர் (ஈயப் பற்று) விட்டுப்போகும். சுத்தம் செய்தாலே தீர்ந்திருக்கும் கோளாறு, கேபிள் செருகும் சாக்கெட்டையே மாற்றுவதில் போய் நிற்கும்.

நம் பக்கத்தில் கேபிளைவிட சாக்கெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தை மாத சம்பா அறுவடையில் சுணை பறக்காத இடம் ஏது? அது பையில் இருக்கும் நூல்தூசியோடு சேர்ந்துகொள்ளும். கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே போய் இறுகும். நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் கொண்டுவந்த டேப்லெட்டில், சாம்பல் நிறத்தில் கம்பளித் துணுக்கு மாதிரி ஒன்று வந்தது. நடுவே முழு உமி ஒன்று. கேபிள் முனை அடிவரை போகாமல் கொஞ்சம் வெளியே நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டேப்லெட்டை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியை மெல்லியதாகச் சீவி, சுவரோரமாக மட்டும் சுரண்டி எடுங்கள். டைப்-சி சாக்கெட் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கில்தான் பின்கள் இருக்கின்றன, அதன் மேல் கை வைக்காதீர்கள். ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

அப்புறம் கேபிள். "இதே கேபிள்ல கிண்டில் ஏறுதே" என்பார்கள், புத்தகம் படிக்கும் கருவியைச் சொல்லி. ஏறும். அது இழுக்கும் மின்சாரம் குறைவு. டேப்லெட் 2 ஆம்பியர் இழுக்கும்போது, கேபிளில் அரை ஓம் தடை இருந்தால் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் மிஞ்சுவது 4. அது போதாது. இன்னொன்று: சில மலிவு டேப்லெட்டுகள் சார்ஜர் பக்கம் பழைய அகல முனை உள்ள கேபிளில் ஏறும், இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறாது. சாக்கெட் பக்கம் இருக்க வேண்டிய சிறு ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டதன் விளைவு அது. புதுக் கேபிள் வாங்கிப் பயனில்லை. மோட்டார் ஓடும் நேரத்து லோ வோல்டேஜையும் திட்ட வேண்டாம். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் சமாளித்துக்கொள்ளும்.

மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த கிண்டில் உடனே விழிக்காது. ஒரு மணி நேரம் சார்ஜில் விட்டு, பவர் பட்டனை 40 வினாடி அழுத்திப் பாருங்கள்.

ஐப்பசி மழையில் நனைந்தால் உடனே சார்ஜில் போடாதீர்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடினால் பின்கள் சீக்கிரம் அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றுக்கு இது இன்னும் மோசம். சாக்கெட் கீழ்நோக்கி இருக்கும்படி ஃபேன் காற்றில் ஒரு நாள் வையுங்கள். நெல் விளையும் ஊர் என்பதற்காக அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம், தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும்.

சுத்தம் செய்து, நல்ல கேபிள் போட்டும் மடக்கினால்தான் ஏறுகிறது என்றால் சாக்கெட் ஆடிவிட்டது. கடையில் கொடுக்கும் முன், சார்ஜிங் போர்டு தனியா, மெயின் போர்டோடு சேர்ந்ததா என்று கேளுங்கள். தனி என்றால் மாற்றுவது சுலபம். சேர்ந்தது என்றால் சாலிடர் வேலையில் கை தேர்ந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.