குசினிக்கு யன்னல் எந்தப் பக்கம்?

கொக்குவிலில் பெரியம்மா வீட்டுக் குசினியை இடித்துக் கட்டும் யோசனை ஓடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. காசு கனடாவில் இருக்கும் மகளிடமிருந்து வந்தது, யோசனைகள் யூரியூப்பிலிருந்து. பின்னேரத் தேத்தண்ணியோடு ரீவிக்கு முன்னால் இருந்தால், வெளிநாட்டு வீடு திருத்தும் நிகழ்ச்சிகள் ஒன்று மாறி ஒன்று ஓடும். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் சுவர் இடிபடுவதையும் குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிடுவதையும் விளங்கிக்கொள்ள மொழி தேவையில்லை.

ஒருநாள் திரையில் இரண்டு ஆண்கள். ஒருவருக்கு அகலமான குசினி வேண்டும். மற்றவருக்கு நாய் ஓடித்திரியப் பின்வளவு வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டும் கிடைக்காது. "உவை ரெண்டுபேரும் சகோதரங்களோ?" என்று பெரியம்மா கேட்டார். "இல்லைப் பெரியம்மா, குடும்பமா இருக்கினம்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அந்த மொட்டைப் பெடியன் சொல்லுறதுதான் சரி. கிழக்காலை யன்னல் வைச்சாத்தான் காலமை வெளிச்சம் வரும்."

தம் பாலாரையே விரும்பும் தன்பாலீர்ப்பாளர்களைப்போலத் தனக்குப் பழக்கமில்லாத கூட்டத்தாரைப் பார்க்கும்போது, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு மனித மனத்தில் என்ன நடக்கிறது என்று எழுபது ஆண்டுகளாகச் சமூக உளவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். ஒரு பெரியம்மாவின் கதை சான்று ஆகாது. ஆனால் அந்த ஆராய்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பின்னேரம்தான் ஞாபகம் வருகிறது.

1954இல் ஹார்வர்ட் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு கூட்டத்தார் மீது இன்னொரு கூட்டத்தாருக்கு இருக்கும் வெறுப்பு, நேரில் பழகினால் குறையும். ஆனால் ஒரே சந்தையில் தோள் உரசிப் போவது பழக்கம் ஆகாது. இருவரும் சம நிலையில் நிற்க வேண்டும், இலக்கு பொதுவாக இருக்க வேண்டும், அதற்காகக் கூடி உழைக்க வேண்டும், அந்தப் பழக்கத்துக்கு ஊரின் அல்லது அதிகாரத்தின் ஆதரவு வேண்டும். இதைத் தொடர்புக் கருதுகோள் என்கிறார்கள். 2006இல் உளவியலாளர்களான தோமஸ் பெற்றிகுரூவும் லின்டா ட்ரொப்பும் 515 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பழக்கம் கூடக் கூட வெறுப்புக் குறைவது பெரும்பாலானவற்றில் தெரிந்தது. ஆல்போர்ட்டின் நான்கு நிபந்தனைகளும் இல்லாத இடத்திலும் ஓரளவு குறைந்தது, இருந்த இடத்தில் கூடுதலாகக் குறைந்தது. தன்பாலீர்ப்பாளர் பற்றிய ஆய்வுகளில் இந்த விளைவு வலுவாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இதைச் சோதிக்க நினைத்தால் முதல் படியிலேயே தடக்குப்படும். தன்பாலீர்ப்பு முகத்தில் எழுதியிருப்பதில்லை. நமக்கு ரியூசன் தந்த அண்ணாவோ, கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குக் காய் வெட்டிய அக்காவோ அப்படி இருந்திருக்கலாம். நாம் அவர்களோடு நன்றாகப் பழகியிருப்போம். ஆனால் அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில், ஒரே பாலார் சேர்வதைக் குற்றமாக்கும் 365ஆம், 365அ பிரிவுகள் உள்ளன. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் உள்ளே இழுத்தது. அவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியும், அந்தச் சட்டமூலம் சட்டமாகவில்லை. இப்படிப் பயம் மூடிவைத்திருக்கும்போது, பழகியும் பழகாத நிலைதான் மிஞ்சுகிறது.

இந்த இடைவெளியில்தான் தொலைக்காட்சி வந்து நிற்கிறது. 1956இல் டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், திரையில் தொடர்ந்து பார்க்கும் ஒருவரோடு நமக்கு ஒருதலை நட்பு உருவாகிறது என்று எழுதினார்கள். அவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கோ அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபிப்பார் என்று தெரியும். சீரியல் மாமியாரைப் பெயர் சொல்லித் திட்டும் அம்மம்மா இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அறிவு அது நடிப்பு என்று சொன்னாலும், மனம் திரையில் பழகியவரைப் பழகியவராகவே எண்ணிக்கொள்கிறது.

எட்வர்ட் ஷியாப்பா என்ற தொடர்பியல் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் ஆல்போர்ட்டையும் இந்த ஒருதலை நட்பையும் 2005இல் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். நேரில் பழகினால் வெறுப்புக் குறையுமென்றால் திரையில் பழகினாலும் குறையுமா? மாணவர்களை நிகழ்ச்சிகளைப் பார்க்கச் செய்து, முன்னும் பின்னும் மனப்பாங்கை அளந்தார்கள். அவற்றில் ஒன்று 'குவியர் ஐ' என்ற வாழ்க்கைமுறை நிகழ்ச்சி. தன்பாலீர்ப்பாளர்களான ஐந்து ஆண்கள் ஒருவருடைய வீட்டையும் உடையையும் சமையலையும் சீர்செய்து கொடுப்பார்கள். பார்த்தவர்களிடம் வெறுப்பு அளவிடக்கூடிய அளவுக்குக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு 'வில் அண்ட் கிரேஸ்' நகைச்சுவைத் தொடரைப் பார்க்கும் 245 மாணவர்களிடம் எடுத்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அதிகம் பார்த்தவர்களிடம் வெறுப்புக் குறைவு. அந்தத் தொடர்பு மிக வலுவாக இருந்ததோ, தன்பாலீர்ப்பாளர் யாரையும் நேரில் அவ்வளவாகத் தெரியாதவர்களிடம். வெறுப்புக் குறைந்தவர்கள்தான் அந்தத் தொடரைத் தேடிப் பார்த்தார்கள் என்றும் வாதிடலாம். இரண்டாவது ஆய்வு மட்டும் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது, அதனால்தான் முதல் வகைச் சோதனைகளும் வேண்டியிருந்தன.

சரி, நாடகமும் சினிமாவும் இருக்க வீடு திருத்தும் நிகழ்ச்சியை ஏன் இவ்வளவு தூரம் பேச வேண்டும்? நாடகத்தில் அப்படி ஒரு பாத்திரம் வந்தால், பெரும்பாலும் அவர் அப்படி இருப்பதே கதையாகிவிடும். அழுகை, வீட்டைவிட்டுத் துரத்தல், ஒரு நீண்ட பேச்சு. தனக்கு யாரோ புத்தி சொல்ல வருகிறார்கள் என்று தெரிந்தவுடன் மனித மனம் கேற்றைப் பூட்டும். 1966இல் உளவியலாளர் ஜாக் பிரெம் விளக்கிய எதிர்விளைவு இதுதான். என் தெரிவைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்ற உணர்வு வந்தால், பழைய கருத்தை இன்னும் இறுக்கிப் பிடிப்போம். வீட்டு நிகழ்ச்சியில் யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. அங்கே பிரச்சினை கூரை ஒழுக்கு. பார்ப்பவர் மனம் கூரையில் இருக்கும்போது, கூரைக்குக் கீழே நிற்கும் இருவரும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

நிகழ்ச்சியின் அச்சும் ஒரு வேலை செய்கிறது. அமெரிக்காவின் எச்ஜிடிவி என்ற வீட்டு அலைவரிசையில் 1999 முதல் ஓடும் 'ஹவுஸ் ஹண்டர்ஸ்' நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வீடு பார்ப்பார்கள், ஒன்றைத் தெரிவு செய்வார்கள். ஆணும் பெண்ணும் வந்தாலும் இரண்டு பெண்கள் வந்தாலும் பின்னணிக் குரல் ஒரே தொனியில் ஒரே கேள்வியைக் கேட்கும்: காசுக்குள் அடங்குமா, வேலைக்குத் தூரமா? ஆல்போர்ட் கேட்ட சம நிலை அந்த அச்சுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. பொது இலக்கும் இருக்கிறது, நாமும் அவர்களோடு சேர்ந்து வீடு தேடுகிறோம், எது நல்லதென்று சண்டை பிடிக்கிறோம். பங்கெடுத்த சிலர் வீட்டை முன்னரே வாங்கியிருந்தார்கள், தேடல் கமராவுக்காகச் செய்தது என்பது 2012இல் வெளியே வந்தது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. தேடல் நடிப்பாக இருந்தாலும், அந்தக் கதவுக்குப் பின்னால் சேர்ந்து வாழப்போகிறவர்கள் நிஜமானவர்கள்.

இந்த வழி ஒரே நாளில் திறந்ததல்ல. 1994இல் ஐகியா தளபாட நிறுவனம் அமெரிக்காவில் ஒரு விளம்பரம் போட்டது. இரண்டு ஆண்கள் சாப்பாட்டு மேசை வாங்குகிறார்கள், அவ்வளவுதான். அதற்கே பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 2003இல் அவுஸ்திரேலியாவின் 'த பிளாக்' தொடரின் முதல் பருவத்திலேயே வீடு திருத்திய சோடிகளில் ஒன்று ஆண் சோடி. ஸ்கொட்லாந்தின் கொலினும் ஜஸ்ரினும் சோடியாகவே கனடாத் தொலைக்காட்சியில் வீடு திருத்த வந்தார்கள். ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் இரவுச் சாப்பாட்டோடு இவற்றைப் பார்த்தபடிதான் அங்கே குடியேறினார்கள்.

யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு இந்த நிகழ்ச்சிகளில் இன்னொரு பாரமும் உண்டு. எங்களுக்கு வீடு என்பது கல்யாணத்தோடு ஒட்டிப் பிறந்த சொல். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த தேசவழமையிலிருந்து இன்றைய கலியாணப் பேச்சு வரை, பெண்ணுக்குச் சீதனமாகப் போவது வீடும் வளவும். குடிபூரலுக்குப் பால் பொங்கினால்தான் ஒரு குடும்பம் தொடங்கியதாக அயலட்டை ஏற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், இரண்டு பேர் சேர்ந்து கடன் எடுத்து, படுக்கையறையை எண்ணி, முன் கதவுக்கு நிறம் தெரிவு செய்தால், பார்ப்பவருக்கு யாரும் விளக்கம் சொல்லாமலே அது குடும்பம் என்று தெரிந்துவிடும். பெரியம்மா முதலில் 'சகோதரங்களோ' என்று கேட்டதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். வீடு பார்ப்பவர்கள் ஏதோ ஒரு முறையில் சொந்தமாக இருந்தாக வேண்டும் அவருக்கு.

இங்கே சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பத்திரிகைகள் சில 'சமபாலுறவு' என்று எழுதி வருகின்றன. அந்தச் சொல்லில் 'உறவு' என்று வந்தவுடன் வாசிப்பவர் நினைப்பு நேரே படுக்கையறைக்குப் போய் நின்றுவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' எனக்குப் பிடித்திருப்பது, அது மனத்தைச் சொல்கிறது என்பதால். வீட்டு நிகழ்ச்சிகள் செய்வதும் அதே வேலை. படுக்கையறையிலேயே நிற்கும் நினைப்பைக் குசினிக்கும் கிணற்றடிக்கும் கூட்டிக்கொண்டு போகின்றன.

வெறுப்பு எப்படிக் குறைகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். பெற்றிகுரூவும் ட்ரொப்பும் 2008இல் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். மற்றவர்களைப் பற்றிய அறிவு கூடுவது, அவர்களை நினைத்துவரும் பதற்றம் தணிவது, அவர்கள் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது. மூன்றிலும் வலுக்குறைந்தது அறிவு. பதற்றம் தணிவதும் இடம் மாறிப் பார்ப்பதும்தான் அதிகம் வேலை செய்தன. பட்டறை வைத்து, துண்டுப் பிரசுரம் அடித்து விளக்கம் கொடுப்பவர்களுக்கு இது கசப்பான செய்தி. விளக்கம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சு படபடக்கும்போது விளக்கம் காதில் ஏறாது. படபடப்பு அடங்க, ஒன்றும் நடக்காத காட்சிகள் பல வேண்டும். ஓட்டு நிறத்தைப் பற்றிய முணுமுணுப்பு, நாய்க்குச் சோறு வைப்பது, மாமியார் வந்து தங்க அறை வேண்டும் என்ற கவலை.

ஆனால் இதற்கு ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. யன்னலைப் பற்றிச் சொன்ன கையோடு பெரியம்மா இன்னொன்றும் சொன்னார்: "அது வெள்ளைக்காரருக்குச் சரி." சமூக உளவியலாளர்களான மைல்ஸ் ஹியூஸ்டனும் ரூபர்ட் பிரவுனும் 1986இல் எழுதியது இதைத்தான். ஒருவரோடு பழகி அவரை விரும்பினாலும், அவரை அவருடைய கூட்டத்தின் உண்மையான ஆளாக நாம் எண்ணாவிட்டால், விருப்பம் அவரோடு நின்றுவிடும். 'இவன் வேறை மாதிரி' என்று தனிப் பெட்டி ஒன்று செய்து அதற்குள் வைத்துவிடுவோம், பழைய எண்ணம் சேதமில்லாமல் இருக்கும். எங்களுக்கு அந்தப் பெட்டி ஆயத்தமாகவே இருக்கிறது, பெயர் 'வெளிநாடு'. திரையில் வருபவர்களோ பெரும்பாலும் வெள்ளையர், வசதியானவர், அழகர், சுவருக்கு நிறம் தெரிவு செய்வதில் வல்லவர். தன்பாலீர்ப்பாளர் என்றால் அலங்காரம் தெரிந்தவர் என்ற புதிய அச்சு ஒன்றையும் இந்த நிகழ்ச்சிகளே வார்க்கின்றன. மேசன் வேலைக்கு வரும் அண்ணாவைப்போல ஒருவர், விறாந்தையில் சாரத்தோடு இருந்து தன் துணையோடு சீமெந்து விலை கதைப்பதை இன்னும் எந்தத் தமிழ் நிகழ்ச்சியிலும் நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை.

கடைசியாக ஒரு ஆய்வு, எனக்கு மிகவும் நெருக்கமானது. போரையும் படுகொலையையும் கண்ட ருவாண்டாவில் உளவியலாளர் எலிசபெத் பலக் ஒரு வானொலி நாடகத்தின் விளைவை ஓராண்டு சோதித்து 2009இல் வெளியிட்டார். சில ஊர்கள் நல்லிணக்க நாடகத்தைக் கேட்டன, வேறு ஊர்கள் உடல்நல நாடகம் ஒன்றைக் கேட்டன. நல்லிணக்க நாடகம் கேட்டவர்களின் தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது, மற்றவர்கள் எதை ஏற்பார்கள் என்பது பற்றிய அவர்களின் கணிப்பும், அதையொட்டிய நடத்தையும். அவர்கள் கூட்டமாக இருந்து கேட்டார்கள், ஒருவர் சிரித்ததை மற்றவர் பார்த்தார் என்பதை மறக்கக்கூடாது.

எங்கள் வீட்டு மண்டபமும் அப்படித்தான் இருக்கிறது. ரீவி ஒன்று, பார்ப்பவர் ஐந்தாறு பேர். எல்லாரும் திரையைப் பார்க்கும்போது, அந்த அறையில் ஒருவர் மட்டும் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். என் நண்பன் ஒருவன் பல வருடம் அப்படி இருந்தவன். ரீவியில் இந்தப் பேச்சு வந்தாலே தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவான். அம்மாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கப் பயம். செய்தியில் கேட்ட ஒரு சிரிப்பு, சினிமாவில் பெண்மை கலந்து நடந்த ஒருவனுக்கு மாமா அடித்த ஒரு பகிடி, இவற்றை வைத்து அவன் தன் வீட்டை அளந்து வைத்திருந்தான்.

போன வருடம் ஒரு இரவு அவன் எழும்பவில்லை. திரையில் இரண்டு பேர் குளியலறை ஓட்டுக்காக முறுகிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவன் பக்கம் திரும்பி, "ஏனடா உவன் முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறான்?" என்று கேட்டிருக்கிறார். "நீலம் வேணுமாம் அம்மா, மற்றவன் வெள்ளை எண்டுறான்." "நீலம் நல்லதுதானே," என்றாராம் அம்மா, "ஊத்தை தெரியாது."