ஊடுபயிர் வேறு, கலப்புப் பயிர் வேறு

‘இன்டர்கிராப்பிங்’ என்றால் கலப்புப் பயிர் என்று துண்டறிக்கைகளில் அச்சாகிறது, பயிற்சி வகுப்புகளிலும் அப்படியே சொல்லப்படுகிறது. நிலக்கடலையோடு பயறு போடச் சொல்லும் இடங்களில்தான் இது மிகுதி. அது பிழை. அதற்குரிய சொல் ஊடுபயிர்.

ஊடு என்றால் இடை, நடு. ஊடே, ஊடுருவு, நெசவின் ஊடும் பாவும், எல்லாம் ஒரே குடும்பம். முதற்பயிரின் வரிசைகளுக்கு நடுவே, தனி வரிசையில், கணக்கு வைத்துப் போடும் இரண்டாம் பயிரே ஊடுபயிர்.

கலப்புப் பயிர் என்றும் ஒரு முறை உண்டு. விதைகளை ஒன்றாகக் கலந்து கைவீச்சாக விதைப்பது அது. மழை ஏமாற்றினாலும் ஒன்றாவது தேறும் என்று மானாவாரிக்காரர்கள் கைக்கொண்ட நல்ல முறை. அதில் வரிசையும் இல்லை, விகிதமும் இல்லை. அந்தப் பெயரை ஊடுபயிருக்கு வைத்தால், கேட்பவர் கடலை விதையையும் உளுந்தையும் ஒரே பெட்டியில் கலக்கத்தான் செய்வார்.

அதன் பலன் நிலத்தில் தெரியும். கடலைக்கு 45ஆம் நாளையொட்டி ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். பூவிலிருந்து நீண்டு காயாகும் விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம் அது. வரிசை இல்லாத நிலத்தில் மண்வெட்டி எங்கே போகும்? உளுந்து 65, 70 நாளில் முற்றிவிடும். கடலைக்கு 105 நாள் ஆகும். உளுந்தைப் பிடுங்கும் கை, ஒட்டி நிற்கும் கடலையின் விழுதையும் அறுத்துவிடும். ஆறு வரிசைக் கடலைக்கு ஒரு வரிசை துவரை என்று பரிந்துரைப்பதே, கடலை போன பிறகு துவரை தனியே படர இடம் கிடைக்கும் என்பதற்காகத்தான். கலப்பு என்ற சொல்லில் அந்த ஆறுக்கு ஒன்று எங்கே இருக்கிறது? போதாததற்கு, கலப்பு என்றதும் பலர் காதில் கலப்பின விதை என்றே விழுகிறது.

இடைப்பயிர் என்பாரும் உண்டு. பொருள் நெருக்கம்தான், ஆனால் இடை என்பது காலத்துக்கும் வரும். குமரியில் நெல்லுக்கு கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கும்பப்பூ அறுத்த வயலில் கன்னிப்பூவுக்கு முன் போடும் உளுந்தையும் சிறுபயறையும்கூட இடைப்பயிர் எனலாம். ஊடு என்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

குமரியின் விளைகளில், அதாவது மேட்டுத் தோட்டங்களில், ஊடுபயிருக்குத் தெளிவான இடம் மரச்சீனி என்ற மரவள்ளிதான். 90 செ.மீ. இடைவெளியில் நட்ட மரச்சீனி இலை கூடி நிலத்தை மூட மூன்று மாதம் பிடிக்கும். நடுவில் 30 செ.மீ. விட்டு இரண்டு வரிசைக் கடலை போட்டால் இடைவெளி மூன்று பங்காகிவிடும். மரச்சீனி நட்ட கையோடு விதைக்க வேண்டும். ஒரு மாதம் தள்ளினால் கடலை நிழலில் நீண்டு வளரும், காய் பிடிக்காது. பெரும்பயறு என்ற தட்டைப்பயறு போடுபவர் கொடி வீசாத குத்துச்செடி ரகமாகப் பார்க்க வேண்டும். கொடி ரகம் மரச்சீனித் தண்டில் சுற்றி ஏறிவிடும். தென்னையில் ஏழெட்டு வயது வரைக்கும், பிறகு இருபதைக் கடந்த பின்னும் வெயில் உள்ளே விழும். இரண்டு காலத்திலும் மரத்தைச் சுற்றி ஆறடி விட்டுத்தான் ஊடுபயிர்.

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொன்றையும் கெடுத்துவிட்டார்கள்: ‘பருப்புத் தாவரங்கள்’. வயலில் நிற்பது பயறு, உடைத்தால்தான் பருப்பு. கடலையை எண்ணெய்வித்து என்று மட்டும் எழுதி, அருகே பயறு போட்டால் அதற்குத் தழைச்சத்து கிடைக்கும் என்பார்கள். கடலையும் வேர்முடிச்சு உள்ள பயறுக் குடும்பமே. தனக்கு வேண்டியதில் பெரும்பங்கைக் காற்றிலிருந்து தானே பிடித்துக்கொள்ளும். எள்ளுக்கும் ஆமணக்குக்கும்தான் அந்த வசதி இல்லை. அங்கேயும் உளுந்து நிற்கும்போது பக்கத்துச் செடிக்குப் போவது கொஞ்சமே. காய் பறித்த செடியையும் வேரையும் மண்ணில் மடக்கி உழுதால்தான் அடுத்த பயிருக்குச் சேரும்.