மெடிக்கலில் பார்க்காத ஒரு கிருமி: கனடாவில் அகதிகளுக்கான ஈரல் அழற்சி பி பரிசோதனை

கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்த பலர், "மெடிக்கல் முடிஞ்சுது, எல்லாம் கிளியர்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தக் குடிவரவுச் சோதனையில் எச்.ஐ.வி., சிபிலிஸ், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் உண்டு. ஈரல் அழற்சி பி, அதாவது ஹெபடைடிஸ் பி, வழமையாக அதில் இல்லை. ஆபிரிக்கா, ஆசியா, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோரைச் சோதிக்கும்படி கனடிய மருத்துவ வழிகாட்டி 2011இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வைத்தியரிடம் நீங்களே கேட்டு எழுதுவிப்பது நல்லது.

செங்கண்மாரி வந்தால் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். இந்தக் கிருமி பல வருடம் சத்தமில்லாமல் ஈரலில் கிடக்கும். கண் மஞ்சளாகும்போது ஈரல் சுருங்கிப் போயிருக்கலாம்.

கோரிக்கையாளருக்கு வைத்தியர், இரத்தப் பரிசோதனைச் செலவை இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டம் (IFHP) ஏற்கிறது. கிளினிக் அத்திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும், போன் எடுக்கும்போதே கேளுங்கள். கோரிக்கைப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப்போகாமல், உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லுங்கள்.

ஒரு முறை எடுக்கும் இரத்தத்திலேயே மூன்று விஷயம் பார்க்கலாம்: கிருமி இப்போது இருக்கிறதா, முன்பு வந்துபோனதா, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா. ஒன்றாறியோ ஆய்வுகூடப் படிவத்தில் 'நாட்பட்ட ஈரல் அழற்சி'க்கு ஒரு பெட்டி, 'எதிர்ப்பு நிலை'க்கு வேறொரு பெட்டி. முதலாவதை மட்டும் அடையாளமிட்டால், தடுப்பூசி தேவைப்படுபவர் யாரென்று தெரியாமல் போய்விடும்.

கிருமி இருந்தால் கோரிக்கை மறுக்கப்படுமோ என்ற பயம் பலருக்கு. சிகிச்சைச் செலவு கூடும் என்ற காரணத்துக்காக அகதிகளை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தாலும் பதற வேண்டாம். வீட்டாரைச் சோதிக்கவும் ஊசி போடவும்தான் கேட்பார்கள். ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் இது தொற்றாது. கர்ப்பிணிக்கு இருந்தால், குழந்தை பிறந்த 12 மணித்தியாலத்துக்குள் தடுப்பூசியும் எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும்.

அப்புறம்தான் முக்கியமான பகுதி. கிருமி இருக்கும் எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை இரத்தச் சோதனை வேண்டும், சிலருக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கானும் வேண்டும். மாத்திரை தொடங்கியவர் தானாக நிறுத்தினால் கிருமி திடீரென்று சீறக்கூடும்.

கோரிக்கை ஏற்கப்பட்டு மாகாணக் காப்புறுதிக்கு மாறும்போது, அல்லது வீடு மாறி வேறு வைத்தியரிடம் போகும்போதுதான் பலர் விடுபட்டுப் போகிறார்கள். அதற்கு முன்பே சோதனை முடிவுகளின் பிரதியையும், அடுத்த சோதனை எந்த மாதம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.