வீட்டுச் சமையல் செயலியை அடுப்படியிலிருந்து வடிவமைக்கத் தொடங்குங்கள்

வீட்டில் சமைப்பவர்களையும் சாப்பாடு தேடுபவர்களையும் இணைக்க ஒரு செயலி வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு வரைபடத்தோடுதான் வருவார்கள். அதில் இருப்பது சாப்பிடுபவரின் திரை. மேலே மேப், நடுவில் பசியைக் கிளப்பும் படங்கள், கீழே ஆர்டர் பட்டன். சமைப்பவரின் திரை எங்கே என்று கேட்டால், "அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஆர்டரை ஏற்க ஒரு பட்டன் இருந்தால் போதுமே" என்பார்கள். செயலி வடிவமைப்பு என் தொழில். இந்த வகைச் செயலிகள் எங்கே சறுக்குகின்றன என்று பார்த்தால், அநேகமாக எல்லாம் அந்த "அப்புறம்" என்று தள்ளிவைத்த பக்கத்தில்தான் சறுக்குகின்றன. அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் சமைப்பவரின் திரை, அது சரியாக அமைந்த பிறகு மற்றது.

உணவகத்தில் ஆர்டர் எடுக்க ஒருவர், சமைக்க ஒருவர், பொட்டலம் கட்ட ஒருவர், பணம் வாங்க ஒருவர் இருப்பார்கள். வீட்டில் இந்த நான்கு வேலையையும் செய்வது ஒரே ஆள். அதோடு குழந்தையைக் கவனிப்பதும் வீட்டாருக்குச் சமைப்பதும் அவரேதான். உணவகத்துக்காகச் செய்த ஆர்டர் முறையை அப்படியே எடுத்து இவர் கையில் கொடுத்தால், எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் போன் அலறும். ஒரு நிமிடத்துக்குள் ஏற்காவிட்டால் ஆர்டர் ரத்து, ரத்தானால் பட்டியலில் கீழே இறக்கம். இப்படி ஒரு விதியை எழுதியவர் அடுப்பின் முன்னால் நின்று பார்த்திருக்க மாட்டார்.

வடிவமைப்பாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சமையல் நடக்கும் நேரத்தில் சமையலறையில் போய் ஓர் ஓரமாக நில்லுங்கள், எதுவும் கேட்காதீர்கள். ஓர் அம்மா மாவு பிசைந்த கையோடு, விரல் மூட்டால் திரையைத் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் தட்டலுக்குத் திரை அசையவில்லை, இரண்டாவது தட்டலில் பக்கத்துப் பட்டன் அழுந்திவிட்டது. தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. மேலே தண்ணீர் பட்டால் அதையும் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும், அல்லது உண்மையான தொடுகையைத் தவறவிடும். தொடும் இடம் குறைந்தது 44 பாயின்ட் இருக்கட்டும் என்கிறது ஆப்பிள், 48 டிபி என்கிறது கூகிள் (பாயின்ட், டிபி இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்). இரண்டும் காய்ந்த கைக்கான அளவுகள். சமையலறைத் திரையில் முக்கியமான பட்டன் திரையின் முழு அகலத்துக்கும் இருக்கட்டும். "ஏற்கிறேன்", "மறுக்கிறேன்" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். தவறி அழுத்தினால் திரும்பப் பெறச் சில நொடிகள் கொடுங்கள்.

இதைவிட நல்லது, சமைக்கும்போது போனைத் தொடவே தேவையில்லாமல் செய்வது. இன்ன பதார்த்தம், இத்தனை பேருக்கு, இந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று சமைப்பவர் முன்கூட்டியே போட்டுவிடவேண்டும். குறித்த நேரத்தில் ஆர்டர் மூடிக்கொள்ளும். அதன்பிறகு மொத்தக் கணக்கு ஒரே பட்டியலாக வரும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு மணியோசை என்று பதைபதைக்க வேண்டியதில்லை. பசித்தவுடன் ஆர்டர் போடும் வசதி போய்விடுமே என்று முதலீட்டாளர் கேட்பார். போகும், உண்மைதான். வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்று வருபவர் சற்று முன்னால் சொல்லிவைக்கத் தயங்குவதில்லை என்பது என் அனுபவம்.

எத்தனை பேருக்குச் சமைக்க முடியும் என்ற கணக்கும் எளிதானதல்ல. இருபது பேருக்குச் சமைக்கும் பாத்திரம் இருக்கலாம், ஆனால் நான்கு வகைப் பதார்த்தத்துக்கு அடுப்பு இருக்காது. இருபது பேரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றால் கட்டிக்கொடுக்கக் கை இருக்காது. ஆகவே மொத்த அளவு, ஒரு நாளைக்கு எத்தனை வகை, ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் எத்தனை பேர் என்று மூன்று வரம்புகள் வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு மூன்றையும் குறைவாகவே வைத்துத் தொடங்குங்கள். கலிஃபோர்னியாவில் 2018இல் நிறைவேறிய ஏபி 626 என்ற சட்டம், வீட்டுச் சமையலறை ஒன்று நாளுக்கு 30 சாப்பாட்டுக்கு மேல் விற்கக்கூடாது, சமைத்த அன்றே பரிமாறிவிடவேண்டும் என்று வைத்தது. ஒரு வீட்டு அடுப்பின் எல்லையைச் சட்டமே இப்படிக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஜோசஃபின் என்று ஒரு நிறுவனம் இதே வேலையைச் செய்துவந்தது. வீட்டில் சமைத்து விற்க அங்கே சட்டத்தில் இடமில்லாததால், அதில் சேர்ந்த சமையல்காரர்களுக்கு அதிகாரிகளிடமிருந்து எச்சரிக்கை வந்தது. சட்டத்தை மாற்ற அந்த நிறுவனமும் பாடுபட்டது. ஆனால் 2018 மார்ச்சில் அது மூடப்பட்டது, சட்டம் கையெழுத்தானது அதே ஆண்டு செப்டம்பரில். உங்கள் ஊர்ச் சட்டத்தைச் செயலி தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் மாட்டிக்கொண்டால் முதலில் நோட்டீஸ் போவது சமைப்பவரின் வீட்டுக்குத்தான். உரிமத்தின் பதிவு எண்ணை வாங்கும் கட்டத்தை "பிறகு நிரப்பலாம்" என்று விடாதீர்கள்.

இனி உணவுப் பாதுகாப்பு. சமைத்த உணவை 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் வைத்திருப்பது ஆபத்து என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பதும் அதன் அறிவுரைதான். "சூடு பண்ணிச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சமைக்கும் சூட்டிலும் பிழைத்திருக்கும். சோற்றை வெகுநேரம் வெளியில் வைத்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை உருவாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது.

இதில் வடிவமைப்பாளருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பெரும்பாலான செயலிகளில் ஆர்டர் போட்ட நேரம் இருக்கும், எடுத்துச்சென்ற நேரம் இருக்கும், சமைத்து முடித்த நேரம் மட்டும் எங்கும் பதிவாகாது. "சமைத்து முடித்தேன்" என்று ஒரே ஒரு பட்டன் வையுங்கள். அடுப்பிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ பாதுகாப்பாக வைத்திருப்பதாகச் சமைப்பவர் குறிக்காவிட்டால், எடுத்துச்செல்லும் நேரம் அந்தப் பட்டனை அழுத்தியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும். சாப்பிடுபவரின் திரையிலும் சமைத்த நேரம் தெரியட்டும். எப்போது சாப்பிடவேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

ஒவ்வாமைக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன், ஏனென்றால் இங்கே ஒரு சின்ன டிக் பெட்டி உயிரோடு விளையாடிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் தெரிவிக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் எட்டாக இருந்த பட்டியலில் 2023இலிருந்து எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது. பட்டியலைத் திரையில் போட்டு டிக் பெட்டி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். வேர்க்கடலை என்ற பெட்டியில் டிக் இல்லை. அதற்கு என்ன பொருள்? கடலை சேர்க்கவில்லை என்றா, சமைப்பவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்றா? கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். சாப்பிடுபவர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொள்வார். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு, இல்லை, தெரியாது என்று மூன்று பதில்கள் இருக்கட்டும். எதுவும் முன்கூட்டியே தேர்வாகியிருக்கக்கூடாது. கடையில் வாங்கிய பொடியில் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவருக்கு "தெரியாது" என்று சொல்ல வழி கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும்.

நேற்றைய பதிவை இன்றைக்கு அப்படியே நகலெடுக்கும் வசதி இருந்தால், ஒவ்வாமைக் கேள்வியை மட்டும் மறுபடி கேளுங்கள். எண்ணெய் மாறியிருக்கலாம். இன்னொன்று, "கடலை இல்லாதவை" என்று வடிகட்டித் தேடும் வசதி. ஒரே கரண்டி, ஒரே வாணலி புழங்கும் வீட்டில் அப்படியொரு உறுதியை யாராலும் தர முடியாது. "இதே சமையலறையில் கடலையும் புழங்குகிறது" என்ற வரி ஆர்டர் பட்டனுக்கு மேலேயே இருக்கவேண்டும், விதிமுறைப் பக்கத்தின் அடியில் கிடக்கக்கூடாது.

அடுத்தது வீட்டு முகவரி. கடைக்கு முகவரி விளம்பரம், வீட்டுக்கு அப்படி இல்லை. பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளும் இதில் உண்டு. ஆர்டர் உறுதியாகும்வரை மேப்பில் பகுதி மட்டும் தெரிந்தால் போதும். இதற்காகப் புள்ளியைச் சற்று விலக்கிக் காட்டுவார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாக விலக்கினால், பலமுறை பார்த்துச் சராசரி எடுப்பவர் வீட்டை நெருங்கிவிடுவார். ஒருமுறை விலக்கிய இடத்தை நிலையாக வைத்துக்கொள்ளவேண்டும். தூரத்தை "430 மீட்டர்" என்று துல்லியமாகக் காட்டுவதும் கூடாது, மூன்று இடங்களிலிருந்து பார்த்தால் வீடு கிடைத்துவிடும். போனில் எடுத்த படத்துக்குள் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கும், படம் ஏறும்போதே அதை அழித்துவிடுங்கள். சொந்த போன் எண்ணும் யாருக்கும் போகவேண்டாம், இடையில் மறைமுக எண் இருக்கட்டும். இவருக்கு இனி விற்கமாட்டேன் என்று காரணம் சொல்லாமல் தடுக்கும் உரிமையும் சமைப்பவருக்கு வேண்டும்.

நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமைப்பவரை ஐந்து பேர் மட்டுமே மதிப்பிட்டிருக்கும்போது அவர்களில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால், மற்ற நால்வரும் முழு நட்சத்திரம் கொடுத்திருந்தாலும் சராசரி 4.2க்கு இறங்கிவிடும். ஓரளவு எண்ணிக்கை சேரும்வரை சராசரியைக் காட்டாதீர்கள். மீண்டும் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று காட்டுங்கள், அதை நான் அதிகம் நம்புவேன்.

கடைசியாக, ரத்து செய்வதற்கான தண்டனை. சமைப்பவர் ஆர்டரை ரத்து செய்தால் தரவரிசையில் இறக்குவது பல செயலிகளில் வழக்கம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவர் அந்த உபாதை நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிறருக்கான உணவைத் தொடக்கூடாது என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்கிறது. தரவரிசை போய்விடும் என்ற பயத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சமைப்பவரைத் தடுக்க எந்த ஆய்வாளரும் அந்த வீட்டுக்குள் வரப்போவதில்லை. "உடம்பு சரியில்லை" என்று ஒரு பட்டன் வையுங்கள். அதை அழுத்தினால் சாப்பிடுபவருக்குப் பணம் உடனே திரும்பட்டும், சமைப்பவரின் மதிப்பில் ஒன்றும் குறையாதிருக்கட்டும். குணமாகிவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் இரண்டு நாளுக்கு அவருடைய சமையலறை மூடியே இருக்கட்டும்.